ஓவர்டிரைவ் பெடல் தேடல், கடைசியில் ஒரு கெப்பாசிட்டரில் முடிந்தது

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஓவர்டிரைவ் பெடல் (கிட்டாரின் சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) தேர்ந்தெடுக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. இப்போது என் பெடல் போர்டில் இருப்பது ஐபனீஸின் டியூப் ஸ்க்ரீமர் (சுருக்கமாக டிஎஸ்) பெடலின் சர்க்யூட்டை வைத்து, பாகங்களாக வாங்கி நானே சால்டர் செய்த பெட்டி. வழக்கமான மூன்று குமிழ்களோடு (எவ்வளவு உடைய வேண்டும் என்பதற்கு டிரைவ், பளிச்சுக்கு டோன், வெளிவரும் சத்தத்துக்கு லெவல்) கூடுதலாக ஒரு சின்ன டாகிள் சுவிட்ச். அந்தச் சுவிட்ச் அங்கே எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பெடல் வாங்க நினைக்கிற பலரும் பெயரையும் உள்ளே இருக்கும் சிப்பின் எண்ணையும் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் காதுக்கு உண்மையாகவே வித்தியாசம் காட்டியது, சத்தம் உடைவதற்கு முன்னால் கீழ் ஒலியில் எவ்வளவு வெட்டப்படுகிறது என்பதுதான்.

முதலில் என்னிடம் இருப்பவை. சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டார். கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, மறுமுனை பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பிக்கப்பின் மின்தடை தெரிந்துவிடும். எனக்கு 6 கிலோ ஓம் பக்கம் வருகிறது. இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கராக இருந்தால் பெரும்பாலும் 8 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல் காட்டும். ஆம்ப் 15 வாட் டியூப் ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, அமெரிக்க பாணி க்ளீன் சேனல், அதாவது மிட் (நடு ஒலி) இயல்பாகவே கொஞ்சம் பள்ளமாக இருக்கும். இந்த இரண்டு விவரங்களும் சேர்ந்துதான் எந்தப் பெடல் பொருந்தும் என்பதை ஏறக்குறைய முடிவு செய்கின்றன. யாராவது "எந்த ஓவர்டிரைவ் நல்லது" என்று கேட்டால், "ஆம்ப் என்ன, பிக்கப் என்ன" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு என்ன வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் லேசாகக் கரகரப்பாகவும் வர வேண்டும். கார்ட் வாசிக்கும்போது ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தனி வாசிப்பு வரும்போது குழுவின் சத்தத்துக்கு மேலே எழ வேண்டும். இதை எழுதி வைத்தது ரொம்ப உதவியது, ஏனென்றால் பெடலை ஆன் செய்த நிமிடத்தில் "ஆகா, பிரமாதம்" என்ற உற்சாகம் வந்துவிடும், தேவை என்ன என்பது மறந்துபோகும்.

நண்பர்களிடமிருந்து மூன்று பெடல்கள் கிடைத்தன: ஐபனீஸ் டிஎஸ்9, பாஸ் எஸ்டி-1, பாஸ் பிடி-2. டிஎஸ்9 1982-லும் எஸ்டி-1 1981-லும் வந்தவை. பிடி-2 1995-ஐச் சேர்ந்தது. முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்: ஆப் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) ஒன்று, அதன் வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் ஃபீட்பேக் பாதையில் டையோடுகள், அவைதான் அலையின் மேலேயும் கீழேயும் சீவி விடுகின்றன. டிஎஸ்9-ல் இரு பக்கமும் ஒவ்வொரு டையோடு, எஸ்டி-1-ல் ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் இரண்டு, அதனால் அலை சமமில்லாமல் சீவப்படுகிறது. பிடி-2 வேறு வகை, தனித்தனி டிரான்சிஸ்டர்களால் கட்டிய கெயின் (பெருக்கல்) நிலைகள், மிட் மேடு அவ்வளவு இல்லை.

ஒப்பிடும்போது கிட்டாரை நேராகச் செருகி ஒவ்வொன்றாக மிதித்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறையும் கை வேறு மாதிரி மீட்டும். அதனால் லூப்பர் பெடலை வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். க்ளீனாக ஒரு சின்ன துண்டு பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பெடல்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். நான்கு கார்ட், அப்புறம் கீழ்க் கம்பிகளில் ஒரு ரிஃப், அப்புறம் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு வரி, இவ்வளவும் அந்தத் துண்டில் இருந்தால் போதும். இந்த மூன்று பெடல்களுக்கும் உள்ளே நுழைவில் பஃபர் மாதிரியான, பிக்கப்பை மற்ற சர்க்யூட்டிலிருந்து பிரித்து நிறுத்தும் பகுதி இருப்பதால் லூப்பர் முன்னால் இருப்பது பெரிதாகப் பாதிக்காது. ஃபஸ் எனப்படும், இன்னும் கரடுமுரடாக உடைக்கும் பெடல்களை இப்படிச் சோதிக்கக் கூடாது, அவை பிக்கப்போடு நேரடியாக இணைந்தால்தான் அவற்றின் குணம் தெரியும்.

அடுத்தது சத்த அளவு. இதைச் செய்யாமல் எந்த ஒப்பீடும் செல்லாது என்பேன். இரண்டு பெடல்களில் எது கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருக்கிறதோ அதுதான் "நல்ல டோன்" என்று காது சொல்லும். கைபேசியில் ஒலி அளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் வைத்து, மூன்று பெடல்களின் லெவல் குமிழையும் ஒன்றுக்கொன்று 1 டெசிபெலுக்குள் வரும்படி திருகினேன். கைபேசியின் எண் துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஒரே இடத்தில் ஒரே கருவியால் அளந்தால் ஒப்பிட அது போதும். டிரைவ் குமிழைத் திருப்பினால் லெவலும் மாறிவிடும், அதனால் டிரைவை மாற்றும் ஒவ்வொரு தடவையும் லெவலை மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. பொறுமை வேண்டும், ஆனால் இதற்குப் பின்தான் உண்மையான வித்தியாசம் கேட்டது.

வீட்டில் சன்னமான சத்தத்தில் கேட்டபோது பிடி-2 எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கீழ் ஒலி நிறைவாக, மேல் ஒலி பளிச்சென்று. டிஎஸ்9 மெல்லியதாக, மூக்கால் பேசுவது போல இருந்தது. எஸ்டி-1 இரண்டுக்கும் நடுவில், டிஎஸ்9 பக்கம் சற்று அதிகமாகச் சாய்ந்து. அந்த இடத்திலேயே முடிவெடுத்திருந்தால் பிடி-2-வைத்தான் வாங்கியிருப்பேன்.

ஒத்திகைக்கு மூன்றையும் எடுத்துப் போனேன். டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்ட் எல்லாம் சேர்ந்து ஓடும்போது, வீட்டில் செய்த அதே அமைப்பில் பிடி-2-வை மிதித்தேன். டிரம்மர் பாட்டு முடிந்ததும், "நீ வாசிக்கிறியா இல்லையான்னே தெரியலடா" என்றான். அடுத்த பாட்டில் டிஎஸ்9. வீட்டில் மூக்கால் பேசிய அதே சத்தம் இங்கே நடுவில் நேராக எழுந்து நின்றது, சத்தத்தைக் கூட்டாமலே. எஸ்டி-1-ம் அப்படியே.

காரணம் எளிதுதான். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், அந்த அடிப்பகுதியை ஏற்கெனவே பேஸும் கிக் டிரம்மும் நிரப்பியிருக்கின்றன. மேலே சிம்பல்கள். கிட்டாருக்கு மிச்சமிருக்கும் இடம் நடுப்பகுதி. என் ஆம்பில் அதே நடுப்பகுதிதான் பள்ளம், டிஎஸ் வகைப் பெடல் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. ஏற்கெனவே மிட் தள்ளி நிற்கும் பிரிட்டிஷ் பாணி ஆம்பாக இருந்தால் பிடி-2 நன்றாக உட்கார்ந்திருக்கும், டிஎஸ்9 சில நேரம் அதிகமாகிவிடும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சத்தம் குறையும்போது நம் காதுக்குக் கீழ் ஒலி வேகமாகக் கேட்காமல் போகும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் வீட்டில் மெல்ல வைத்துக் கேட்கும்போது கீழ் ஒலி தூக்கலான பெடல் இதமாகத் தெரியும், மேடைச் சத்தத்துக்குப் போனால் அதே பெடல் குழைந்துவிடும்.

சரி, டிஎஸ் வகைதான் என்று முடிவானது. ஆனால் வீட்டில் தனியாக வாசிப்பதுதான் எனக்கு அதிகம், அங்கே அந்த மெலிவு பிடிக்கவில்லை. இங்கேதான் வாங்குவதற்குப் பதில் கட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த சர்க்யூட் பல காலமாக எல்லோருக்கும் தெரிந்தது, பாகங்கள் எல்லாமே சாதாரணமானவை, எதை மாற்றினால் என்ன ஆகும் என்று நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

அச்சிட்ட வெற்று போர்டு ஒன்று, 1590பி அளவு அலுமினியப் பெட்டி (112 க்கு 60 க்கு 31 மில்லிமீட்டர்), 8 பின் ஐசி சாக்கெட், ஒற்றை வரிசை சாக்கெட் பட்டை, அப்புறம் மின்தடைகள், ஃபிலிம் கெப்பாசிட்டர்கள். வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்னை 350 டிகிரியில் வைத்து, 0.8 மில்லிமீட்டர் ரோசின் கோர் சால்டர் பயன்படுத்தினேன். சாக்கெட் பட்டையை இரண்டிரண்டு துளைகளாக வெட்டி, டையோடுகள் வரும் இடத்திலும் தலைப்பில் சொன்ன அந்த ஒரு கெப்பாசிட்டர் வரும் இடத்திலும் வைத்தேன், சால்டர் செய்யாமலே மாற்றிப் பார்க்க. ஒவ்வொரு மின்தடையையும் போர்டில் நுழைப்பதற்கு முன் மல்டிமீட்டரில் அளந்தேன். வண்ணக் கோடுகளைச் சின்ன மின்தடைகளில் படிப்பதைவிட இது வேகமானது, 510 கிலோ ஓமும் 51 கிலோ ஓமும் இடம் மாறுகிற பிரச்சினையும் வராது.

பெட்டியில் துளை போடுவதுதான் கை வேலையில் கடினமான பகுதி. சென்டர் பஞ்ச் வைத்துக் குறித்து, 3 மில்லிமீட்டரில் முதல் துளை, அப்புறம் படிப்படியாக விரியும் ஸ்டெப் பிட். குமிழ்களுக்கு 7 மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு மேலே, கால் சுவிட்சுக்கு 12, டாகிளுக்கு 6-க்குச் சற்று மேல். ஜாக்குகள் பக்கவாட்டில் எதிரெதிரே வரும்போது உள்ளே ஒன்றோடொன்று முட்டும், அதனால் துளையிடும் முன்பே ஜாக்குகளை பெட்டிக்குள் வைத்து, கேபிள் பிளக் செருகிய நிலையில் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிப்பைச் செருகும் முன் சாக்கெட்டில் மின்னழுத்தம் பார்த்தேன். 8-ஆவது பின்னில் 9 வோல்ட், 4-ஆவதில் பூஜ்யம். சிப்பைப் போட்ட பின் 1, 2, 3, 5, 6, 7 எல்லாமே 4.5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சர்க்யூட்டின் பெரும்பகுதி சரி. ஏதாவது ஒரு பின் மட்டும் 9-க்கோ பூஜ்யத்துக்கோ ஒட்டிக்கொண்டால் அந்தப் பின்னைச் சுற்றித்தான் தவறு. முதலில் மின்னழுத்தம், அப்புறம்தான் கிட்டார்.

சோதனையை எல்லோரும் பேசுகிற சிப்பிலிருந்தே தொடங்கினேன். டியூப் ஸ்க்ரீமரின் பழைய வடிவமான டிஎஸ்808-ன் புகழில் பாதி ஜேஆர்சி 4558 சிப்புக்குப் போகிறது. அதையும் டிஎல்072-வையும் மாற்றி மாற்றிச் செருகினேன், கால் அமைப்பு ஒன்றுதான் என்பதால் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. நண்பன் மாற்றிவிட, நான் திரும்பி உட்கார்ந்து லூப்பைக் கேட்டு, எது எது என்று சொல்ல முயன்றேன். சொல்ல முடியவில்லை. இடங்களை மாற்றி அவன் கேட்டான், அவனாலும் முடியவில்லை. சிப் தேடலை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது டையோடு. சாதாரண 1என்4148 சிலிக்கான் மல்டிமீட்டரின் டையோடு நிலையில் 0.6 வோல்ட் பக்கம் காட்டும், ஜெர்மேனியம் 0.3 பக்கம், சிவப்பு எல்இடி 1.8-ஐ ஒட்டி. எல்இடி போட்டதும் சத்தம் குபீரென்று ஏறியது, அமுக்கம் குறைந்து திறந்த மாதிரி இருந்தது. லெவலைக் குறைத்து சமன் செய்து கேட்டபோது அந்தப் பெரிய வித்தியாசத்தில் பெரும்பகுதி வெறும் சத்தம்தான் என்று தெரிந்தது, ஆனாலும் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. ஜெர்மேனியத்தில் சத்தம் குறைந்து, மீட்டலின் முனை மழுங்கியது. கடைசியில் ஒரு பக்கம் ஒரு சிலிக்கான், மறு பக்கம் இரண்டு, எஸ்டி-1-ல் இருப்பது போல, அதையே வைத்துவிட்டேன். கார்ட்களில் விரல் பட்ட ஓசை கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது. நுட்பமான வித்தியாசம், குழுவோடு வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது.

அப்புறம் அந்தக் கெப்பாசிட்டர். ஆப் ஆம்பின் கழித்தல் (மைனஸ்) உள்ளீட்டுப் பின்னிலிருந்து 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வரிசையாக கிரவுண்டுக்குப் போகின்றன. இந்த இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஒரு எல்லை போடுகின்றன. அதற்கு மேலே முழு கெயின், கீழே போகப் போக கெயின் சரியும். முதல் கம்பியின் 12-ஆவது ஃப்ரெட்டே 659 ஹெர்ட்ஸ்தான், ஆக நாம் வாசிக்கும் சுரங்களில் பெரும்பாலானவற்றின் அடிச்சுருதி இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. டிஎஸ்ஸின் மெலிவு, மூக்குச் சத்தம், குழுவில் எழுந்து நிற்பது, எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. கீழ் ஒலி முற்றாக அழிவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும், அது பெருக்கப்படாமல், உடையாமல் அப்படியே கடந்து போகிறது. இந்தப் பெடலில் கம்பிகள் தனித்தனியாகக் கேட்பதற்கு அந்தச் சுத்தமான கீழ்ப்பகுதியும் ஒரு காரணம்.

0.047-ஐ எடுத்துவிட்டு 0.1 போட்டேன், எல்லை 340 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கியது. உடனே கேட்டது. திரும்பி உட்காரவோ யாரையும் கேட்கவோ தேவையே இல்லை. வீட்டுச் சத்தத்தில் பிடி-2-ல் நான் விரும்பிய அந்த நிறைவு வந்துவிட்டது. 0.22 போட்டதும் எல்லை 154-க்குப் போனது, ஒற்றைக் கம்பிகளுக்கு அருமை, ஆனால் கீழ் மூன்று கம்பிகளில் கார்ட் வாசித்தால் குழறியது, டிரைவைக் கூட்டக் கூட்ட மோசமானது. கீழ் ஒலிதான் அலையில் அதிக உயரம் உள்ளது, அதை முழுதாகப் பெருக்கி உடைத்தால் மற்றவற்றையும் அதோடு இழுத்துக்கொண்டு உடையும்.

இரண்டுமே வேண்டும் என்றால் சுவிட்ச் போட வேண்டியதுதான். ஆன்-ஆஃப்-ஆன் டாகிள் ஒன்று: 0.047 எப்போதும் இருக்கும், நடு நிலையில் அது மட்டும், ஒரு பக்கம் தள்ளினால் இன்னொரு 0.047 சேர்ந்து 360 ஹெர்ட்ஸ், மறு பக்கம் தள்ளினால் 0.1 சேர்ந்து 230 ஹெர்ட்ஸ். வயரிங் சரியாகத்தான் இருந்தது, ஆனால் சுவிட்சைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் "டப்" என்று ஓர் அடி. இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் போனது. கிரவுண்ட் வயரை மாற்றினேன், ஷீல்டு வயர் போட்டேன், சுவிட்சையே மாற்றினேன், எதுவும் பலிக்கவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: அந்த இடத்தில் 4.5 வோல்ட் நிற்கிறது. வெளியே விடப்பட்ட கெப்பாசிட்டர் காலியாக இருக்கிறது, சுவிட்சைத் தள்ளியதும் அது ஒரே நொடியில் நிரம்புகிறது, அந்த நிரப்பல்தான் அடி. தீர்வு, சுவிட்சின் நடுக் காலிலிருந்து இரண்டு ஓரக் கால்களுக்கும் ஒவ்வொரு 1 மெகா ஓம் மின்தடை. சுவிட்ச் திறந்திருக்கும்போதும் கெப்பாசிட்டர் மெல்ல நிரம்பியே இருக்கும், 1 மெகா ஓம் பெரியது என்பதால் டோனில் எதுவும் மாறாது. ஆன் செய்த பின் ஓரிரு விநாடிகள் விட்டுவிட்டுத் தள்ளினால் இப்போது சத்தமே இல்லை.

மின்சாரம் பற்றிக் கொஞ்சம். 9 வோல்ட், பிளக்கின் நடுமுனை மைனஸ், இதை மல்டிமீட்டரில் உறுதி செய்யாமல் எந்த அடாப்டரையும் செருகாதீர்கள். இந்தப் பெடலுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். ஒரே அடாப்டரிலிருந்து கிளை வயர் மூலம் டிஜிட்டல் டிலே (எதிரொலி) பெடலுக்கும் இதற்கும் கொடுத்தபோது "ஙீ" என்று ஒரு மெல்லிய விசில் வந்தது, ஓவர்டிரைவ் அதைப் பெருக்கிக் கொடுத்தது. தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடுகள் உள்ள பவர் சப்ளைக்கு மாறியதும் போய்விட்டது. இந்த முழு வேலையில் அதிகம் செலவானது அந்தப் பவர் சப்ளைதான், பெடலின் எல்லாப் பாகங்களையும் சேர்த்தாலும் அதன் பக்கத்தில் வரவில்லை. மாற்றிப் பார்த்த கெப்பாசிட்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு செட் கம்பி விலைகூட இல்லை. 18 வோல்ட் கொடுத்தால் திறந்து பேசும் என்று சிலர் சொல்வதுண்டு, ஆனால் இந்த சர்க்யூட்டில் டையோடுகள் 0.6 வோல்ட்டிலேயே அலையைச் சீவிவிடுவதால் அதில் பெரிய பயன் இல்லை, 16 வோல்ட் கெப்பாசிட்டர்கள் போட்டிருந்தால் அவை கெட்டும் போகும்.

இப்போது நான் வைத்திருக்கும் அமைப்பு: ஆம்பைத் தானாகவே உடையத் தொடங்கும் விளிம்பில் வைத்து, பெடலில் டிரைவ் கடிகார முள்ளின் 9 மணி இடத்தில், டோன் நடுவில், லெவல் 3 மணி. இந்த சர்க்யூட்டில் டிரைவ் பூஜ்யத்தில் இருந்தாலே கெயின் 12 மடங்கு, முழுதாகத் திருப்பினால் 118 மடங்கு. அதனால் டிரைவைக் குறைத்து லெவலைக் கூட்டி ஆம்பை உடைய விடுவதுதான் எனக்குச் சரிப்பட்டது. லூப்பரில் சோதிக்க முடியாத ஒன்று, கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது எவ்வளவு சுத்தமாகிறது என்பது. அதைக் கையால்தான் வாசித்துப் பார்க்க வேண்டும். 10-லிருந்து 6-க்கு இறக்கினால் கரகரப்பு அடங்கி மணி மாதிரி ஆகிறது, 230 ஹெர்ட்ஸ் நிலையில் அவ்வளவு அடங்குவதில்லை. பெடல் போர்டில் இதன் இடம், வா பெடலுக்குப் பின், டிலே பெடலுக்கு முன்.

அடுத்த முறை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். டாகிளைக் கால் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்ததால் காலணி படுகிறது, மேல் விளிம்பில் குமிழ்களுக்கு இடையே வைக்க வேண்டும். சாக்கெட்டுகள் சோதனைக்கு மட்டும்தான், முடிவான பின் டையோடுகளைச் சால்டர் செய்துவிட வேண்டும், மேடையில் மிதிக்கும் அதிர்வில் அவை தளரும். பெட்டியையும் ஒரு அளவு பெரிதாக எடுத்து ஜாக்குகளை மேல் பக்கம் வைத்தால் போர்டில் பெடல்களை நெருக்கமாக அடுக்கலாம்.

நண்பனின் ஹம்பக்கர் கிட்டாரில் இதைச் செருகிப் பார்த்தோம். 230 நிலை அவனுக்கு உதவவே இல்லை, ஒரே தடிப்பு. 720-லேயே அவன் டோனைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது. அவனுக்கு இன்னொரு அச்சிட்ட வெற்று போர்டு எடுத்து வைத்திருக்கிறேன். அதில் எப்போதும் இருக்கும் கெப்பாசிட்டராக 0.033 போட்டால் எல்லை 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டி ஏறும், சுவிட்சின் ஒரு பக்கத்தில் 0.015 சேர்த்தால் பழைய 720-ஐ ஒட்டி வந்துவிடும், மூன்றாவது நிலை அவனுக்குத் தேவையில்லை.